எஸ்.பி.பி. நினைவு நாளில் ஊர்கூடி ஆடியது: செட்டிநாட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022 செப்டம்பர் 25 அன்று, காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் அந்தக் குழுவில் இருந்தவன், ஆனால் ஆடவில்லை. பெயர்ப் பட்டியல், அனுமதி மனு, தண்ணீர் கேன், கயிறு கட்டுவது என்று வெளிவேலை என்னுடையது. அதனால் ஆட்டம் எவ்வளவு அழகாக இருந்தது என்பதெல்லாம் இதில் அதிகம் வராது. கூட்டம் எப்படிச் சேர்ந்தது, எங்கே இடித்தது, என்ன முடிவெடுத்தோம் என்பதுதான் வரும். வேறு ஊர்களில் இதே மாதிரி செய்ய நினைக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பின்னணி

குழு என்றால் பெயர்ப் பலகை, தலைவர், செயலாளர் எல்லாம் கிடையாது. பழைய மெல்லிசைக் குழுவில் பாடிய இரண்டு பேர், தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, பேங்கில் ஓய்வு பெற்ற ஒரு சார், ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள், கல்லூரிப் பிள்ளைகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ். இவர்களை எல்லாம் சேர்த்தது பாலுவின், அதாவது பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின், குரல், அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குரூப்.

2020-ல் அவர் ஆகஸ்ட் 5-ம் தேதி சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அந்த குரூப்பில் வேறு பேச்சே இல்லை. ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே பிரார்த்தனை செய்யச் சொன்னபோது, இங்கேயும் அவரவர் வீட்டு வாசலில் நின்று போனில் அவர் பாட்டைப் போட்டார்கள். செப்டம்பர் 25 மதியம் 1 மணி 4 நிமிடத்துக்கு அவர் போனார். மறுநாள் தாமரைப்பாக்கத்தில் போலீஸ் மரியாதையோடு அடக்கம் நடந்ததை டிவியில் பார்த்ததோடு சரி. கொரோனா பயத்தில் ஒருத்தரும் சென்னைக்குப் புறப்படவில்லை. 2021-லும் முகக்கவசம் போட்ட சிலர் ஒரு படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்தார்கள். ஒரு சாவுக்கு முறையாகப் போய் நின்று அழாத குறை இரண்டு வருடமாக உள்ளேயே கிடந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 2022-ல் நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரு வேகம் வந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது

குழுவில் நாற்பது வயது தாண்டிய ஒருவர் இருக்கிறார். தொண்ணூறுகளில் கோயில் திருவிழா ஆடல் பாடல் மேடைகளில் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டு மைக்கேல் ஜாக்சனாக ஆடியவர், இப்போது செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர்தான் ஆரம்பித்தார். ஜாக்சன் 2009 ஜூனில் இறந்த பிறகு, ஆகஸ்ட் 29 அன்று, அதாவது அவருடைய 51-வது பிறந்த நாளில், மெக்சிகோ நகரத்தில் 13,597 பேர் ஒன்றாக நின்று 'த்ரில்லர்' ஆட்டத்தை ஆடி கின்னஸில் ஏறினார்கள். அதற்கு முன்பே, 2006-ல், கனடாவின் டொரான்டோவில் 62 பேர் சேர்ந்து அதே ஆட்டத்தை ஆடி ஆரம்பித்து வைத்தது வருடா வருடம் பல நாடுகளில் ஒரே நேரத்தில் ஆடுவதாக வளர்ந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அவங்க ஆளுக்கு அவங்க ஆடுறாங்க, நம்ம பாலுவுக்கு நாம ஆடக் கூடாதா?" என்று கேட்டார்.

உடனே இரண்டு எதிர்ப்பு வந்தது. முதலாவது, இறந்த நாளில் ஆடுவதா, ஜூன் 4 பிறந்த நாளில் வைத்துக்கொள்ளலாமே என்று. பேங்க் சார் இதில் பிடிவாதமாக இருந்தார். பறையடித்து ஆடிக்கொண்டே சவ ஊர்வலம் போகிற ஊரில் இந்தக் கேள்வி எழுந்தது எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. கடைசியில் முதல் பாட்டுக்கு எல்லாரும் அசையாமல் நிற்பது, அது முடிந்த பிறகே ஆடுவது என்று ஒப்புக்கொண்டார். சிலர் ஒப்புக்கொள்ளாமல் விலகினார்கள்.

இரண்டாவது எதிர்ப்பு நேரத்தைப் பற்றி. சரியாக 1.04-க்கு ஆரம்பிக்க வேண்டும் என்பது இளவட்டங்களின் ஆசை. அன்றைக்கு மகாளய அமாவாசை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. எந்தத் தெருவில் ஆட நினைத்தோமோ அந்தத் தெரு ஆச்சி ஒருவர் நேரில் சொன்னார்: "ஆடுங்கப்பா, நான் வேணாங்கல. படையல் போட்டு காக்காய்க்குச் சோறு வைக்கிற நேரத்துல வாசல்ல ஸ்பீக்கர் வச்சா எந்தக் காக்கா வரும்?" பதில் சொல்ல ஆளில்லை. மாலை 5 மணி என்று மாற்றினோம். புரட்டாசி மாதத்து மதிய வெயிலில் தார் ரோட்டில் ஆடுவதிலிருந்தும் அது எங்களைக் காப்பாற்றியது.

இடமும் அனுமதியும்

முதலில் நினைத்த இடம் பஸ் நிறுத்தத்தின் எதிரே. அங்கே சுகாதார நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000-ம் வருட ஒலி மாசு விதி. நர்ஸ் அக்காவே எடுத்துச் சொன்னதால் வாக்குவாதம் இல்லாமல் கைவிட்டோம்.

அடுத்தது செட்டியார் வீடுகள் வரிசையாக நிற்கும் பெரிய தெரு. வீடியோவில் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. இந்த வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளமாகக் கட்டியவை. பாதி வீடுகளில் ஆள் இல்லை, பூட்டிக் கிடக்கும், காவல்காரர்தான் இருப்பார். கூட்டம் நெருக்கினால் மக்கள் ஒதுங்குவதற்குச் சந்துகூட அதிகம் கிடையாது. மூன்றாவதாக ஊருணிக்கரைத் திடலை முடிவு செய்தோம். ஒரு பக்கம் ஊருணிப் படிக்கட்டு, மற்ற பக்கங்கள் திறந்த வெளி, மினி பஸ் போகும் ஒரே ஒரு ரோடு. தண்ணீர்ப் பக்கம் கயிறு கட்டி இரண்டு ஆளை நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

போலீஸ் அனுமதிதான் இழுத்தது. எங்கள் பக்கத்தில் செப்டம்பர், அக்டோபர் என்றாலே நான்கு பேர் கூடுவதைக்கூட சந்தேகமாகப் பார்ப்பார்கள். செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 24 திருப்பத்தூர், 27 காளையார்கோயில், 30 பசும்பொன் என்று தலைவர்களின் நினைவு நாள், குருபூஜைகளுக்கு வரிசையாக அவர்களுக்கு பந்தோபஸ்து. போதாததற்கு அந்த வாரம் மாநிலத்தில் சில ஊர்களில் பெட்ரோல் குண்டு வீச்சு நடந்து எல்லா ஸ்டேஷனும் உஷாரில் இருந்தது. எங்கள் முதல் மனுவைப் பார்த்துவிட்டு இதை ஆடல் பாடல் நிகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆபாச ஆட்டம் கூடாது, சாதிப் பாட்டு, கட்சிப் பாட்டு கூடாது என்று ஆடல் பாடலுக்குக் கோர்ட்டு வழக்கமாகப் போடுகிற நிபந்தனைகள் எல்லாம் எங்கள் தலையிலும் வந்தன. நாங்கள் சண்டை போடவில்லை. மேடை இல்லை, டிக்கெட் இல்லை, வசூல் இல்லை, பேனர் இல்லை, ஆடுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் இணைப்பு, மொத்தமே ஒரு மணி நேரம் என்று மனுவைத் திருப்பி எழுதிக் கொடுத்தோம். முதல் நாள் சாயங்காலம்தான் கையெழுத்து கிடைத்தது.

பேனர் இல்லை என்பது எளிதாக எடுத்த முடிவு இல்லை. உள்ளூர் அரசியல் புள்ளி ஒருவர் ஸ்பீக்கர் செலவு முழுவதும் தன்னுடையது, தன் படத்தோடு ஒரு பிளெக்ஸ் மட்டும் வைத்தால் போதும் என்றார். ஒருவருக்கு வைத்தால் எதிர்க்கட்சிக்காரரும் வருவார், அப்புறம் யார் படம் பெரிசு என்பதில் பாலு காணாமல் போவார். வேண்டாம் என்றோம். தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம்.

பாட்டுக்கான உரிமையைப் பற்றி நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கேள்வி எழுப்பினார். 1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டத்தில் கல்யாணத்துக்கும் மதச் சடங்குக்கும் விலக்கு உண்டு, பொது இடத்தில் நடக்கும் நினைவு நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது. 2017-ல் எஸ்.பி.பி.யின் வெளிநாட்டுக் கச்சேரிக்கே பாட்டு உரிமை தொடர்பாக வக்கீல் நோட்டீஸ் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருந்ததால், கட்டணம் கட்டி அனுமதி வாங்கிவிட்டோம். செலவில் பெரிய பங்கு அதுதான். "பாடினவருக்கே மாலை போடுறோம், அதுக்கும் காசா?" என்று இன்றுவரை முணுமுணுப்பு உண்டு. அந்தக் காசு பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் பக்கமும் போகிற காசு என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒத்திகையில் பார்த்தது

பாட்டுத் தேர்வில் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். நாற்பதாயிரத்துக்கு மேல் பாடியதாகச் சொல்லப்படும் மனிதருக்கு நாலு பாட்டு எடுப்பது லேசா? தமிழில் அவருக்கு தேசிய விருது வாங்கித் தந்த ஒரே பாட்டு வேண்டும் என்று ஒரு கட்சி. 1990-ல் வந்த அந்த மூச்சுவிடாத பாட்டு வேண்டும் என்று ஒருவர், அதைக் கேட்டு எல்லாரும் சிரித்துவிட்டார்கள், பாடுகிறவர் மூச்சு விடாவிட்டாலும் ஆடுகிறவர் விட்டாக வேண்டுமே. முடிவில் நிற்பதற்கு ஒன்று, ஆடுவதற்கு மூன்று. அதில் ஒன்று ரஜினி படத்து அறிமுகப் பாட்டு, அதில்லாமல் முடியாது.

ஒத்திகைக்கு வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டு வளவை (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) திறந்துவிட்டார்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வழவழவென்று இருக்கும், காலில் வியர்வை பட்டால் கேட்கவே வேண்டாம். முதல் வாரத்திலேயே தையல் கடை அக்கா சறுக்கிக் கணுக்கால் வீங்கினார். அன்றோடு ஒத்திகையைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றினோம். மண் தரை, வெறுங்கால் அல்லது ஷூ, வழுக்கும் செருப்பு கூடாது.

அங்கேதான் முக்கியமான ஒன்றைக் கவனித்தோம். பிள்ளைகள் ஒன்று இரண்டு என்று எட்டு வரைக்கும் எண்ணி ஆடுகிறார்கள், டான்ஸ் கிளாஸில் அப்படித்தான் பழக்கம். பெரியவர்கள் யாரும் எண்ணவே இல்லை. அவர்களுக்குப் பாட்டு வரிதான் கணக்கு. "ரெண்டாவது சரணத்துல அவர் ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அப்போ திரும்பணும்" என்று சொன்னால் போதும், ஐம்பத்தைந்து வயது அக்கா அச்சுப் பிசகாமல் திரும்புகிறார். அதையே "ஐந்தாவது எட்டில் திரும்புங்க" என்றால் நாலு பேர் நாலு திசை. மாஸ்டர் (அந்தப் பழைய ஜாக்சன்தான்) முதலில் கோபப்பட்டார், ஒரு வாரம் எட்டு எண்ணச் சொல்லி வதைத்தார். பிறகு அவரே இறங்கி வந்து எல்லா அசைவையும் பாட்டு வரியில் கட்டினார். பிள்ளைகளுக்கு வரிகள் தெரியாது, அவர்கள்தான் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டி வந்தது. இதில் கிடைத்த லாபம், பாட்டுகளை இணைத்த இடத்தில் தாளம் தாண்டினாலும் ஒருத்தரும் தடுமாறவில்லை.

இன்னொன்று வரிசை. வீடியோவில் பார்த்தபடி முதலில் வரிசை வரிசையாகத்தான் நிறுத்தினோம். வரிசை என்றால் அதற்கு ஒரு முன்பக்கம் உண்டு. ஒத்திகையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு பக்கத்தில் குவிந்தார்கள். முன்வரிசையில் நன்றாக ஆடும் பிள்ளைகள், பின்வரிசையில் பெரியவர்கள், பின்வரிசைக்காரர்களை யாரும் பார்க்கவே இல்லை. இரண்டு அம்மாக்கள் "நாங்க எதுக்கு, கும்பலுக்கு கோவிந்தாவா?" என்று கேட்டுவிட்டு வருவதை நிறுத்தினார்கள். அப்போது ஒரு பெண்தான் சொன்னாள், முளைப்பாரி வைத்துக் கும்மி அடிக்கிறபோது யார் முன்னாடி யார் பின்னாடி என்று இருக்கிறதா என்ன என்று. உள்வட்டம், வெளிவட்டம் என்று இரண்டு வட்டமாக மாற்றினோம். உள்ளே பெரியவர்கள், வெளியே இளையவர்கள், நடுவில் பாலுவின் படமும் குத்துவிளக்கும். நின்றுபோன அம்மாக்கள் திரும்பி வந்தார்கள். ஜாக்சன் மாஸ்டருக்கு மட்டும் வட்டத்தில் நின்று ஆடுவது கடைசிவரை பிடிக்கவில்லை.

அன்றைக்கு நடந்தது

பட்டியலில் இருந்த அறுபது பேரில் அநேகமாக எல்லாரும் நாலரைக்கு வந்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை அல்லது வெளிர் நிறப் புடவை. ஸ்பீக்கரை ஊரைப் பார்த்து வைக்காமல் ஊருணியைப் பார்த்து வைத்தோம், கூம்பு ஸ்பீக்கர் கிடையாது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள். முதல் பாட்டுக்கு எல்லாரும் நின்றார்கள். பார்க்க வந்தவர்களும் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார்கள்.

இரண்டாவது பாட்டு நன்றாகப் போனது. ரஜினி பாட்டு ஆரம்பித்ததும்தான் கணக்கு தப்பியது. யாரோ வாட்ஸ்அப்பில் நேரலையாகக் காட்டியிருக்கிறார்கள், பக்கத்து ஊர்ப் பையன்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். விசில், கூச்சல். கெட்ட நோக்கம் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பாட்டுக்கு விசில் அடிக்காதவன் எங்கே இருக்கிறான். ஆனால் கயிறு தண்ணீர்ப் பக்கம் மட்டும்தான் இருந்தது. மற்ற மூன்று பக்கத்திலும் பார்க்கிறவர்களை நிறுத்த ஒரு கோடுகூட இல்லை. ஆட்டத்துக்கு வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த குழு, பார்க்க வருகிறவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொருவரும் ஒரு அடி முன்னே வந்தால் என்ன ஆகும்? வெளிவட்டம் உள்வட்டத்தின் மேல் சாய்ந்தது. ரோட்டில் நிறுத்திய பைக்குகளால் மினி பஸ் நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் உள்வட்டத்தில் பேங்க் சார் தள்ளாடுவதை நர்ஸ் அக்கா பார்த்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில். அவர் சர்க்கரைக்காரர் என்பது அக்காவுக்குத் தெரியும். பிற்பாடு தெரிந்தது இது: காலையில் மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டார், அமாவாசை விரதம், படையல் முடிந்து மூன்று மணிக்குப் பேருக்குக் கொஞ்சம் சாப்பிட்டார், நேரே ஆட வந்துவிட்டார்.

ஏதாவது ஆபத்து என்றால் சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டுவது, உடனே பாட்டை நிறுத்துவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். துண்டு உயர்ந்தது. ஆனால் மைக் செட் அண்ணன் பாட்டைச் சட்டென்று நிறுத்தவில்லை. திருவிழாக் கூட்டங்களில் முப்பது வருடம் இருந்தவர், திடீரென்று சத்தம் நின்றால் எல்லாரும் என்ன ஆச்சு என்று அந்த இடத்தை நோக்கி ஓடி வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே மைக்கில், "எல்லாரும் அப்படியே உட்காருங்க, இருந்த எடத்துலயே உட்காருங்க, அடுத்த பாட்டு உட்கார்ந்துதான்" என்றார். ஆடினவர்கள் முதலில் உட்கார்ந்தார்கள், அதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும். அரை நிமிடத்தில் திடல் முழுவதும் உட்கார்ந்திருந்தது, நின்றவர்கள் நர்ஸ் அக்காவும் சாரைத் தாங்கிய இரண்டு பேரும் மட்டும். பக்கத்தில் நின்ற ஒரு காருக்கு வழி தானாகவே தெரிந்தது. எனக்குத் தெரிந்து அன்றைக்கு எடுத்த முடிவுகளில் சிறந்தது அதுதான், அது எந்தக் கூட்டத்திலும் பேசி எடுத்தது கிடையாது.

சார் விழுங்குகிற நிலையில் இருந்ததால் அக்கா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றியிருக்கக் கூடாது என்று பிறகு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 108-க்கும் போன் போட்டோம், ஆனால் கார் கைக்கெட்டும் தூரத்தில் நின்றதால் அதிலேயே காரைக்குடிக்குக் கொண்டுபோனார்கள். பார்த்தபோது சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அந்த மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், மறுபடி இறங்கலாம் என்று இரவு வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள்.

திடலில் கடைசிப் பாட்டை ஆடலாமா என்று கேள்வி வந்தது. பிள்ளைகளுக்கு ஆசை. மாஸ்டர் வேண்டாம் என்றார், அவரே சொன்னதால் எதிர்ப்பு இல்லை. பழைய மெல்லிசைப் பாடகர் ட்ராக் இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடினார், உட்கார்ந்திருந்தவர்கள் கூடவே பாடினார்கள். போலீஸ்காரர்கள் பைக்குகளை நகர்த்தி மினி பஸ்ஸை அனுப்பினார்கள். ஆறு மணிக்குள் திடல் காலி.

அதற்குப் பிறகு

சார் விஷயம் நல்லபடியாக முடிந்தது. இன்னொன்று அப்படி முடியவில்லை. வெளிவட்டத்தில் ஆடிய ஒரு கல்லூரிப் பெண்ணை மட்டும் கிட்டத்தில் எடுத்து, பாலு பாட்டை நீக்கிவிட்டு வேறு ஒரு குத்துப் பாட்டை ஒட்டி யாரோ பரப்பிவிட்டார்கள். அவள் ஆடியது முழுக்க முழுக்கக் கண்ணியமான ஆட்டம், ஒட்டிய பாட்டு அதை வேறொன்றாகக் காட்டியது. இரண்டு நாளில் அது அவளுடைய சித்தப்பா போனுக்கு வந்தது. வீட்டில் பேச்சு, கல்லூரிக்குப் போவதற்கே தகராறு.

சைபர் கிரைம் எண் 1930-க்குச் சொல்லலாம் என்று சிலர், அது பணமோசடிக்கான எண், இதற்கு ஆன்லைனில் தனியாகப் புகார் பதிய வேண்டும் என்று நீதிமன்ற ஊழியர். புகார் கொடுத்தால் பெயர் இன்னும் பரவும் என்று பெண்ணின் அம்மா பயந்தார். முடிவை அந்தப் பெண்ணிடமே விட்டோம், அவள் வேண்டாம் என்றாள். முதலில் போட்ட பையன் யார் என்று தெரிந்ததும் தையல் கடை அக்கா நேரே அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் வீடியோவைக் காட்டினார். அவன் அன்றிரவே அழித்துவிட்டான். அதற்குள் வேறு எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்களோ அது யார் கையிலும் இல்லை. குழு சார்பில் மூன்று பேர் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்துப் பேசினார்கள். மரியாதையாகக் காபி கொடுத்தார், பெண்ணை இனி அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னார்.

குழுவின் சொந்த வீடியோ ஒரு வீட்டு மாடியிலிருந்து எடுத்தது. இரண்டு வட்டமும் முழுசாகத் தெரியும், யார் முகமும் தனியாகத் தெரியாது. ஆனால் அது வெளியே வர நாலு நாள் ஆனது, ஏற்றியதும் அந்த இணையதளத்துக்காரர்கள் பாதியில் சத்தத்தை வெட்டிவிட்டார்கள். அந்த நாலு நாளும் கையில் கிடைத்த துண்டு வீடியோக்களைத்தான் ஊர் பார்த்தது.

மாற்றியவையும் மாற்றாதவையும்

2023-ல் 25-ம் தேதி திங்கள்கிழமை, முந்தைய நாள் ஞாயிறே வைத்தோம். வட்டமும், பாட்டு வரியில் கட்டிய அசைவும் அப்படியே. உட்கார வைப்பதை இந்தத் தடவை ஒத்திகையிலேயே பழகினோம். பார்க்கிறவர்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டின் ஓரமாகக் குழுக்காரர்கள் சிலரைக் கூட்டத்தைப் பார்த்து நிற்க வைத்தோம். அவர்களுக்கு ஆட்டத்தைப் பார்க்கக் கிடைக்காது, அதனால் பாட்டுக்குப் பாட்டு ஆள் மாற்றினோம். பைக் நிறுத்த இடம் வேறு பக்கம். ரஜினி பாட்டை முதலுக்கே கொண்டுவந்துவிட்டோம், வெளியூர்க்காரர்கள் விஷயம் தெரிந்து வந்து சேர்வதற்குள் அது முடிந்திருந்தது. கொஞ்சம் குறுக்கு வழிதான், வேலை செய்தது.

ஆடுகிறவர்கள் சாப்பிட்டார்களா, மாத்திரை போடுகிறவர்களா என்று நாலு மணிக்கே கேட்டுவிட்டுத்தான் வட்டத்துக்குள் விடுவது. நர்ஸ் அக்காவின் பையில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருக்கும். கேட்கிற பொறுப்பு பேங்க் சாருடையது, கொஞ்சம் அதிகாரமாகவே கேட்கிறார், சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்.

தீராமல் இருப்பது வீடியோ விஷயம். போனை எடுக்காதே என்று திடலில் சொல்ல முடியாது, சொன்னாலும் நடக்காது. குழுவின் வீடியோவை அன்றிரவே போட்டுவிடுவது என்று வைத்திருக்கிறோம், மற்றவை பரவுவதை அது கொஞ்சம் குறைக்கிறது. பெண்கள் மட்டும் முதல் நாள் சாயங்காலம் ஒரு வளவுக்குள் தனியாக ஆடலாம், வெளிக்கூட்டம் வேண்டாம் என்று சில அம்மாக்கள் கேட்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அதற்கு ஒப்பவில்லை, எவனோ ஒருத்தன் செய்ததற்கு நாங்கள் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு ஆட வேண்டும் என்கிறார்கள். நான் பிள்ளைகள் பக்கம். ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்த மூன்று பேரும் அம்மாக்கள் பக்கம், அவர்களோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.